பால்கனியை நிறுத்தினவ

திமிரா? ஆமா இன்ஜினியர் சார், திமிர்தான். ஓடிட்டிருந்த காங்கிரீட்டை நிறுத்தினது நான்தான். அதுக்காக "படம் வரையற பொண்ணுக்குக் கம்பியைப் பத்தி என்ன தெரியும், டிரெயினிங் சர்டிஃபிகேட் குடுக்காதீங்க"ன்னு காலேஜுக்கு லெட்டர் போடுவீங்களா?

டி-ஸ்கொயரைத் தூக்கிட்டு பஸ் ஏறுற ஆர்க்கிடெக்சர் மக்களே, நீங்களே சொல்லுங்க. நம்ம தொழில்ல அழகா வரைஞ்சா கை தட்டுவாங்க. இது நிக்குமான்னு கேட்டா மட்டும் மூஞ்சி மாறிடும்.

பசை

ஃபர்ஸ்ட் இயர்ல தெர்மாகோல்ல ஒரு லைப்ரரி மாடல் பண்ணேன். தூணே இல்லாம மாடி மட்டும் முன்னால நீட்டிட்டு நிக்கும். எனக்கே கண்ணு பட்டுடும் போல இருந்துச்சு. மார்க் போட வந்தவர், "இது எப்படிம்மா அந்தரத்துல நிக்குது?"ன்னாரு. "பசை சார்"னேன், தைரியமா. அவர் ஒரு விரலால அழுத்தினாரு. மேல் பக்கம் பொளந்துகிட்டு மாடி தரைக்கு வந்துடுச்சு.

"ஏம்மா, நிஜக் கட்டடத்துக்கு எத்தனை டப்பா வேணும்?"

ஃபுட்போர்டு

ஏன் மேல பொளந்துச்சுன்னு புக்குல புரியல. மர்பி டவுன் ஏரியாவுக்குப் போற பஸ்ல புரிஞ்சுது. செம கூட்டம். கால் ஃபுட்போர்டுல, கை மேல கம்பியில, உடம்பு வெளிய. கையைப் பிய்க்கிற மாதிரி இழுக்குது, கால் பஸ்ஸை முட்டித் தள்ளுது. அட, நான்தான் பால்கனி!

சுவத்துல இருந்து நீட்டிட்டு நிக்கற எதுக்கும் மேல இழுப்பு, கீழ அழுத்தம். அழுத்தினா காங்கிரீட் தாங்கும். இழுத்தா பிஸ்கெட் மாதிரி விண்டுடும். அதனாலதான் கம்பி மேல இருக்கணும். தொங்கிட்டே சிரிச்சிட்டேன் போல, கண்டக்டர் கன்னடமும் தமிழுமா கத்தினாரு.

"ஏ, ஒளகே பாரம்மா, உள்ள வா! கை விட்டா நான் ஜவாப்தாரி இல்ல!"

படுத்துக்கிட்ட கம்பி

லிங்கராஜபுரத்துல ஸ்டெல்லா ஆன்ட்டி புதுசா கட்டற வீடு. நான் டிரெயினிங் வந்த உங்க சைட்டுதான் சார், அன்னைக்கு பால்கனிக்குக் காங்கிரீட். மேல் கம்பி எறங்காம இருக்க அடியில சின்னச் சின்னதா கம்பியை வளைச்சு வெப்பாங்க, சேர்னு பேரு. "டைம் ஆச்சு, அதெல்லாம் வேணாம்"னுட்டீங்க. காங்கிரீட் பாண்டு தூக்கற ஆளுங்க மிதிச்சு மிதிச்சு, கம்பி அடிப் பலகையோட படுத்துக்கிச்சு.

நான் பலகை மேல ஏறி "நிறுத்துங்க"ன்னேன். "வாய் ஜாஸ்தி உனக்கு, இறங்கு"ன்னீங்க. கம்பி கட்டுற செல்வம் அண்ணன் குனிஞ்சு பார்த்தாரு. உங்களை ஒரு வார்த்தை கேக்காம கம்பியைத் தூக்கி சேர் சொருக ஆரம்பிச்சாரு.

"பாப்பாவுக்கு வாய் ஜாஸ்திதான் சார், ஆனா கம்பி கீழதான கெடக்குது?"

முட்டு எடுத்த அன்னைக்கு

அடியில குடுத்திருந்த முட்டுக் கட்டையை எடுத்ததும், ஆன்ட்டி பால்கனியில மொதல்ல ஒரு கால் வெச்சாங்க. அப்புறம் ரெண்டு கால். அப்புறம் துணி காயப்போட கயிறே கட்டிட்டாங்க. மேல ஒரு விரிசல் இல்ல. நான் கீழ டீ கிளாஸோட அண்ணாந்து பார்த்துட்டே நின்னேன். பாஸ் ஆனப்போ கூட அவ்வளவு சந்தோஷம் இல்ல.

"ஏம்மா, ரெண்டு பேர் நின்னா தாங்குமா? எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தாட்டியா இருப்பாரு."

ஆக, பால்கனி ஜம்முனு நிக்குது, என் சர்டிஃபிகேட்தான் அந்தரத்துல தொங்குது. வெள்ளிக்கிழமை எங்க கிளாஸுக்கு லெக்சர் குடுக்க வர்றீங்கல்ல சார், போர்டு முன்னாடி நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க: கம்பி மேலயா, கீழயா?