பின்கதவுக்குப் பக்கத்து மேசை

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்நாட்டில், சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டில் ஓர் ஓணான் இருக்கிறது. கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த மாணவி படிப்பு முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பும்போது, இதை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று கண்ணாடிப் பெட்டியோடு வந்து எங்கள் கதவைத் தட்டினாள். தாடையைச் சுற்றி முள்ளுத் தாடி வைத்த, ஒரு முழ நீள ஆஸ்திரேலிய ஓணான். நான் வாய் திறக்க முன்னமே மனைவி பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துவிட்டாள். கரப்பானைக் கண்டால் கதிரையில் ஏறுகிறவள் அவள். இப்போது காலையில் எனக்குத் தேநீர் வைக்க முன் அதற்குக் கீரை வெட்டுகிறாள். பெயர் வைக்கவில்லை. 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு மாசி ஞாயிறு, பூசை முடிந்தபின், பிள்ளைக்குச் சூடு தருகிற புது விளக்கு வாங்க ஊர்வனக் கண்காட்சிக்குப் போனோம். அன்று எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் திருத்த வேலை. குளிர்ந்த வீட்டில் பிள்ளையை விட்டுவர அவளுக்கு மனம் வரவில்லை. சுடுநீர்ப் போத்தலோடு சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள்.

வாசலில் மஞ்சள் அங்கி போட்ட பெண் பையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். வெளியே இருந்து பிராணிகள் வரக்கூடாதாம். இதில் உண்ணி இருந்தால் உள்ளே உள்ளவற்றுக்குத் தொற்றும். உள்ளே நோய் இருந்தால் இதற்குத் தொற்றும். அவள் சொன்னதில் பிழையில்லை.

"இஞ்சேருங்கோ, நீங்க பிள்ளையோட காரில இருங்கோ. நான் விளக்கை வாங்கிக்கொண்டு ஓடி வாறன்" என்றாள் மனைவி.

காரில் சூட்டைக் கூட்டிவிட்டு, பிள்ளையை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன். கழுத்துப் பக்கமாகத் தலையை நீட்டிப் போவோர் வருவோரை எல்லாம் பார்த்தது. ஓடி வருகிறேன் என்றவளைக் காணவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. கடைசியில் மஞ்சள் அங்கிக்காரிதான் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"உங்கள் மனைவி உள்ளே இருக்கிறா. ஒன்றும் பயப்படாதீர்கள். எனக்கு இப்போது ஓய்வு நேரம், இவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போங்கள்."

அந்தக் குளிரில் வெறும் சேர்ட்டோடு ஓடினேன். வாசலில் கையும் கழுவ வைத்தார்கள். மண்டபத்தின் பின்னால் ஒரு சின்ன அறை. மங்கலான வெளிச்சம், நல்ல சூடு. மனைவி ஒரு கதிரையில் கைகளைக் கோத்துக்கொண்டு, கோயிலில் இருக்கிற மாதிரி இருந்தாள். முன்னால் வலைக்கூண்டில் ஒரு பச்சோந்தி. கருகிய விறகு போல நிறம், கண் இரண்டும் மூடி.

"என்ன நடந்தது?"

"மெல்லக் கதையுங்கோ. இதுக்குச் சத்தம் கூடாது."

காதோடு சொன்னாள். பச்சோந்தியை வைத்திருந்த மேசை, சாமான் இறக்கும் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் பனிக்காற்று நேரே கூண்டுக்குள். இவள் போய் மேசைக்காரரிடம், "உன்ர பிள்ளைக்குக் குளிருது" என்றிருக்கிறாள். என் மனைவி ஒரு கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல் செய்கிறாள். அவளுடைய பிரெஞ்சு மூன்று வயதுக்காரரிடம் கற்றது; அதனால் யாரோடும் 'நீ' போட்டுத்தான் பேசுவாள். அந்த மனிதர், அது நித்திரை கொள்கிறது என்றாராம். பகலில் ஏன் நித்திரை என்று இவள் கேட்டாளாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

உணவகத்தில் சூப் ஆறிப்போய் வந்தாலும் சொல்லாமல் குடித்துவிட்டு வருகிறவள் இவள். அன்று மண்டபம் முழுக்கத் தேடி, பிராணிகளின் நலம் பார்ப்பதற்கென்று நின்ற மிருக வைத்தியரைக் கையோடு கூட்டிவந்திருக்கிறாள். வைத்தியர் கூண்டுக்குள் வெப்பமானியைக் காட்டிப் பார்த்தார். இந்தச் சூடு போதாது, பிராணிகளுக்கான ஓய்வறைக்குக் கொண்டுபோக வேண்டும், மேசையும் உள்பக்கம் மாற வேண்டும் என்றார். மேசைக்காரருக்கு மற்றக் கூண்டுகளை விட்டு வர வழியில்லை. வைத்தியருக்கும் மற்ற மேசைகளைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது என்று அவர் சொல்லி வாய் மூட முன்னம் இவள் கதிரையை இழுத்துப் போட்டிருக்கிறாள்.

நானும் பக்கத்தில் இருந்தேன். வைத்தியர் இடைக்கிடை வந்து இலைகளில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். கருப்பு மெல்ல மெல்ல மண்ணிறமானது. பிறகு விலாப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு. மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். ஒரு கண் திறந்திருந்தது. அது தனியாகச் சுழன்று, அறையைப் பார்த்து, அவளில் வந்து நின்றது.

"என்னைப் பாக்குது."

"ஓம்."

கண்காட்சி முடிகிற நேரம் மேசைக்காரர் வந்தார். பெரிய உருவம், வாடிய முகம். வாசலிலேயே நின்று கூண்டைப் பார்த்தார். பச்சை நிறம் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வடக்கிலிருந்து விடியமுன் பனிக்குள் ஓட்டி வந்தாராம். அந்த மேசையைத் தந்தார்கள், களைப்பில் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாராம். "இது விற்பதற்கில்லை. குட்டியிலிருந்து என்னோடு இருக்கிறாள். ஆட்களுக்குக் காட்டக் கொண்டுவந்தேன். நான்தான் முதலில் கண்டிருக்க வேண்டும்" என்றார்.

மனைவி எழுந்து அவருக்குக் கதிரையை விட்டாள். "உனக்கும் குளிருது. முதல்ல இதில இரு. பேந்து சூடா ஏதாவது குடி" என்றாள், தன் அரைகுறைப் பிரெஞ்சில்.

அந்தப் பெரிய மனிதர் "உய், மதாம்", சரி அம்மா, என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே கதிரையில் இருந்தார்.

அடுத்த கண்காட்சியில் அந்தக் கதவுப் பக்கம் பிராணிகளே இல்லை. புத்தகங்களும் ரீசேர்ட்டுகளும் விற்கிற மேசைகளைப் போட்டிருந்தார்கள். வைத்தியர் கேட்டதால் மனைவியும் ஓய்வறையில் உதவிக்கு நின்றாள். நான் போய்ப் பார்த்தபோது, ஒரு மலைப்பாம்புக்காரரிடம், அது கொஞ்ச நேரம் இருட்டில் கிடக்கட்டும், நீ இப்ப அதைத் தூக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.