படிக்கட்டில் ஒரு கால்

கருகிய ரப்பரும் வேகாத அரிசியும் சேர்ந்து அடிக்கும் ஒரு நாற்றம் உண்டு. சுவிட்சர்லாந்து என்றதும் மற்றவர்களுக்குப் பனியும் பச்சைப் புல்வெளியும் நினைவுக்கு வருமாம். எனக்கு அந்த நாற்றம்தான் மூக்கில் ஏறுகிறது.

நான் ஏழாவது படித்து முடித்திருந்த கோடை அது. கலிபோர்னியாவின் சான் ரமோனில் ஓர் அபார்ட்மெண்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அப்பா சான்டா கிளாராவில் சிப் டிசைன் பண்ணும் எஞ்சினியர். அம்மாவுக்கு இருந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது, காரும் ஓட்டத் தெரியாது என்பதால், என்னைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அவளுக்கு மிச்சமிருந்தது நான்கு சுவர்களும் மேட்டுப்பாளையத்துக்குப் போடும் ஃபோனும்தான். அங்கே அவளுடைய அப்பா, என் அப்புச்சி, ஊட்டி ரயிலின் எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டையரானவர். "இந்த எஞ்சினோட பொறந்த ஊடு சுவிட்சர்லாந்து, தெரியுமா கண்ணு?" என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்திருக்கிறார். அதனால் அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்து டிரிப் முடிவானதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. பிரியன்ஸ் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து அதே மாதிரி பல்சக்கரம் வைத்த நீராவி ரயில் இன்றும் மலை ஏறுகிறதாம், அதில் உச்சி வரை போய்ப் பார்த்து அப்புச்சிக்குச் சொல்ல வேண்டும். "ஏனுங்க, அது ஒண்ணு மட்டும் போயிட்டு வந்தரலாமுங்களா?" என்றாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார் அப்பா.

அப்பாவின் ஆபீஸ் அங்கிள் ஒருவர், "பாஸ் ஒண்ணு வாங்கிட்டா ட்ரெயின், பஸ், போட் எல்லாம் ஃப்ரீ" என்று ஓதி அனுப்பியிருந்தார். அந்தப் பாஸ் எங்களைப் பிடித்து ஆட்டிய ஆட்டம் இருக்கிறதே! "பாஸ்ல கவர் ஆகுதா?" என்பதுதான் அப்பாவின் வாயில் எந்நேரமும். கவர் ஆகிறது என்பதற்காகவே ஒரே ஏரியில் அக்கரைக்குப் போய் இறங்காமல் அதே படகில் திரும்பி வந்தோம். பாதி ஊர்களை ஜன்னல் வழியாகவே பார்த்து, "இதுவும் முடிஞ்சுது" என்று தலையாட்டிக்கொண்டார். ஒரு கடையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்ததில்லை. ஒரு நாள் அம்மா காலையில் பிசைந்து கொடுத்த தயிர்சாதம் என் பையிலேயே கசிந்து, புளித்து, ஸ்வெட்டரில் ஊறி, எதிர் சீட்டில் இருந்த பெண்மணி முகத்தைச் சுளித்தபடி எழுந்து வேறு பெட்டிக்குப் போனாள். நானாக இருந்தாலும் போயிருப்பேன். அந்தச் சாதத்தைத்தான் அன்று மதியம் அன்னங்கள் நீந்துகிற கரையில் உட்கார்ந்து, "வீணாக்காம சாப்பிடு" என்ற அதட்டலோடு விழுங்கினேன். சே, கருமம்!

ரயில் ஏறப்போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மலை உச்சியில் உட்கார்ந்து சாப்பிடப் புளிசாதம் கிளறுவதாக ஏற்பாடு. கலிபோர்னியாவிலிருந்து துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்த ரைஸ் குக்கரை அதுவரை வெளியே எடுக்கவில்லை. அதற்கு முன் தங்கிய இடங்களில் எல்லாம் அடுப்பு இருந்தது. பிரியன்ஸில் எடுத்த இந்த விடுதி அறையில் அது இல்லை. "அடாப்டர் இருக்குல்ல, மாட்டு" என்றார் அப்பா. அம்மா தயங்கி, "ஏனுங்க, இங்க கரண்டு வேற மாதிரின்னாங்களே?" என்று கேட்கத்தான் செய்தாள். "எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நானா, நீயா?" என்று சொல்லிவிட்டு அவரே மாட்டினார். அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. அமெரிக்காவில் வாங்கிய குக்கருக்கு ஐரோப்பாவின் கரண்டு இரண்டு மடங்கு. இது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சிப் டிசைன் பண்ணுகிறவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம், கறுப்புப் புகை, அலாரத்தின் வீலென்ற அலறல். விடுதிக்காரம்மா வந்து ஜன்னல்களைத் திறந்தாள், அடியில் கருகிப்போயிருந்த மேசையைத் தடவிப் பார்த்தாள், குக்கரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மேசைக்கு விடுதிக்காரம்மா கேட்ட பணத்தைக் கொடுத்த கையோடு அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மலைக்கு பாஸ்ல பாதிதான் கவர் ஆகுது. மீதிக்கு வச்சிருந்த காசு இங்கயே போயிருச்சு. மலை எங்க ஓடிடப் போகுது, கீழ இருந்தே நல்லாத் தெரியுதே." அம்மா எடுத்து வைத்திருந்த புளியை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். எனக்குத்தான் கத்த வேண்டும்போல இருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அந்தக் குட்டி ஸ்டேஷனுக்கு எங்களைக் கூட்டிப்போய், நீராவி விட்டுக்கொண்டு நின்ற சிவப்பு ரயிலின் படிக்கட்டில், "சுமதி, ஒரு கால வை, கம்பியப் பிடி, ஏறுற மாதிரி இருக்கட்டும்" என்று கேமராவைத் தூக்கினார். அம்மா ஒரு காலை வைத்தாள், சிரித்தாள். அவர் படம் எடுத்து முடித்ததும் காலை எடுத்துவிட்டாள். ரயில் கிளம்பி வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன மனுஷன் இவர் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக என் அப்பாவை நினைத்து அருவருத்தேன்.

ஊர் திரும்பிய வாரமே ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் அந்தப் படத்தைக் காட்டி, "மேல வியூ சான்ஸே இல்ல" என்று ஆன்ட்டிகளிடம் அளந்துவிட்டார். படம் மேட்டுப்பாளையத்துக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்புச்சி, "எஞ்சின் பெட்டிய இழுத்துட்டுப் போகுதா, நம்மூர்ல மாதிரி பின்னால இருந்து தள்ளிட்டுப் போகுதா கண்ணு?" என்று கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "தள்ளிட்டுதானுங்கப்பா" என்றாள் அம்மா. அதை மட்டும் கீழே நின்றே பார்த்திருந்தாள். "மேல என்ன இருந்துச்சு?" என்றார் அடுத்து. அம்மா சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பனி, மேகம், குளிர் என்று யாருக்கும் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். அவர் அதை ஷெட் ஆட்கள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாராம். பெற்ற அப்பாவிடம் அவளைப் பொய் சொல்ல வைத்த அந்த நிமிஷம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அபார்ட்மெண்ட் இன்று இல்லை, இடித்துவிட்டு ஆபீஸ் கட்டிவிட்டார்கள். பாஸ் இப்போது ஃபோனுக்குள் வந்துவிட்டது. அம்மா ஃப்ரீவேயில் தனியாக குபெர்டினோவில் இருக்கும் என் வீடு வரை காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள். அப்புச்சி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அப்பா ரிட்டையராகி, இப்போது தாராளமாகிவிட்டார். வயதானால் சிலருக்குக் கை தானாக விரியும்போல. போன வாரம் நான் போயிருந்தபோது ஐபேடை நீட்டி, "பிசினஸ் கிளாஸ்லயே போலாம் சுமதி, அந்த ரயில்ல உச்சி வரைக்கும் போலாம், பாஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"போயிட்டு வந்து யாருகிட்டங்க சொல்றது?" என்றாள்.