சும்மா அடித்துக் கொடுத்த டைப்

எங்கள் பக்கத்தில் 'சும்மா' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வேலை இல்லாதவளும் சும்மா இருக்கிறாள். காசு வாங்காமல் வேலை செய்கிறவளும் சும்மா செய்கிறாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு அலுவலகம் இந்த இரண்டு சும்மாவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு என் தலையில் கட்டியது.

பள்ளிப் படிப்பு முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்து, வேலூர் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வைத்திருந்தேன். வருஷங்கள் போனதுதான் மிச்சம், ஒரு இன்டர்வியூ கார்டும் வரவில்லை. அப்படிக் காத்துக் கிடப்பவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை என்று கொஞ்சம் கொடுத்தது. அதை நான் வாங்க ஆரம்பித்த பிறகு புதிதாக ஒரு பேச்சு வந்தது. தொகை வாங்குகிறவர்கள் உள்ளூர் அலுவலகத்தில் தினமும் 'பயிற்சி'க்கு வர வேண்டுமாம். சம்பளம் கிடையாது. வராவிட்டால் தொகை நின்றுவிடும். அப்படி ஓர் உத்தரவை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஆபீஸ் மேனேஜர் வாயால் சொன்னதுதான் சட்டம்.

"வூட்ல சும்மாதானம்மா குந்திகினு இருக்கே? இங்க வந்து நாலு வேலை கத்துக்கோ" என்றார்.

என்னோடு இன்னொருவரும் வந்தார். கலசப்பாக்கத்துக்காரர், பி.ஏ. படித்தவர். அவருக்குக் கிடைத்த பயிற்சி டீ வாங்கி வருவதும் பீரோ நகர்த்துவதும். என்னை டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அந்த மிஷினில் 'ழ' அடித்தால் கம்பி சிக்கிக்கொள்ளும். விரலால் எடுத்துவிட வேண்டும். அங்கே நான் புதிதாகக் கற்றது அது ஒன்றுதான். மற்றபடி ஆபீசின் கடிதம் அத்தனையும் நான்தான் அடித்தேன். சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் அடித்தேன். நன்றாக அடித்தால் நாலு பேர் கண்ணில் படும், வேலை தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு அசட்டு நம்பிக்கை.

ஒருநாள் கிளார்க் ஒருவர் மேனேஜரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"சார், டைப்பிஸ்ட் போஸ்ட் காலியாவே கீதே. வேலூருக்கு எழுதிப் போட்டா ஆள் அனுப்புவாங்க இல்ல?"

"எதுக்குய்யா? அதான் இந்தப் பொண்ணு சும்மா வந்துகினு இருக்குதே."

என் கை நின்றுவிட்டது. இங்கிருந்து கடிதம் போனால்தான் வேலூரிலிருந்து ஒருவருக்குக் கார்டு வரும். அந்தக் கடிதம் போகாமல் தடுத்துக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, நான்தான். எந்த வேலைக்காகக் காத்துக் கிடந்தேனோ அதே வேலையை ஓசியில் செய்து, அது யாருக்கும் கிடைக்காமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுத் தறியில் அப்பா நெய்வார். கூலி அவர் பேருக்கு வரும். அம்மா விடிந்ததிலிருந்து ராட்டையில் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடைக்கு வேண்டிய பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். அம்மா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அப்பா கூசாமல் சொல்வார், "வூட்ல சும்மாதான் கீறா." அன்று நான் நடந்ததைச் சொன்னபோது அம்மா ராட்டையை நிறுத்தவில்லை.

"நான் சும்மா இருந்ததே இந்த வூட்டுக்குப் போதும்டி. நீ வேற எதுக்கு?"

மறுநாள் மேனேஜர் மேசைக்கு எதிரில் போய் நின்றேன்.

"சார், நான் இங்க செய்யறது வேலைங்களா, சும்மாங்களா?"

"இன்னாம்மா காலங்காத்தால பேஜார் பண்றே?"

"வேலைன்னா சம்பளம் போட்டுக் குடுங்க. வேலை இல்லேன்னா எதுக்குங்க நான் வரணும்?"

"உதவித்தொகைய நிறுத்திடுவேன், தெரியுமில்ல?"

"நிறுத்திக்குங்க. ஆனா வேலூருக்கு எழுதிப் போடுங்க. டைப்பிஸ்ட் காலி கீதுன்னு."

பாதி அடித்த கடிதத்தை மிஷினிலேயே விட்டு, மேலே உறையைப் போட்டு மூடிவிட்டு இறங்கினேன்.

கலசப்பாக்கத்துக்காரர் வாசல் வரை ஓடி வந்தார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டியேம்மா" என்றார்.

"சங்குதாங்க சும்மா கெடந்துது. நாம எங்க சும்மா இருந்தோம்?" என்றேன். அடுத்த வாரம் அவரும் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சொன்னபடியே தொகையை நிறுத்தினார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ராட்டை போட்டு உட்கார்ந்தேன், அப்பாவிடம் கூலி பேசிவிட்டு. அவர் முறைத்தார், கொடுத்தார். ஆபீசில் கடிதங்கள் குவிந்து, மேலிடத்தில் சத்தம் போட்ட பிறகு, வேலூருக்கு எழுதிப் போட்டார்கள். எனக்குக் கார்டு வரவில்லை. எனக்கு முன்னால் பதிந்திருந்த செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. வயிறு எரிந்தது.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவ்ளோ பேசினியே, கடைசில உனக்கா கெடச்சுது?"

"எனக்குக் கெடைக்கலீங்க" என்றேன். "உங்களுக்கும் சும்மா ஆள் கெடைக்கல இல்ல?"