தூங்கி விழித்த கொழுந்துத் தராசு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழைக்காலம். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது, முக்கால்வாசி என் மேலேயே.

பதுளையில் எலக்ட்ரானிக் தராசு பழுதுபார்ப்பது என் தொழில். எடை குறைகிறது என்று அந்தத் தோட்டத்துத் தராசு இரண்டு முறை கடைக்கு வந்தது. இரண்டு முறையும் படிக்கல்லை மாட்டிப் பார்த்தேன். அச்சொட்டாகக் காட்டியது. "கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மூன்றாம் முறையும் புகார் என்றதும் எரிச்சலோடு தோட்டத்துக்கே போனேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கணக்கப்பிள்ளை, நான் எழுதிக் கொடுத்த தாளைக் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவின் முன் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தராசு நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் கை ஓடல. கிலோ காணாது, அரைப்பேருதான்!"

அரைப்பேர் என்றால், நாள் முழுக்க மலையில் நனைந்தவளுக்கு அரைநாள் வேலை என்று பதிவு. எதிரே நின்ற அக்கா அழவில்லை, கொதித்தார். என் பக்கம் திரும்பினார்.

"கடையில வச்சுப் பாத்தா என்னாங்க தெரியும்? தூர மலையில இருந்து கடைசியா வர்ற எங்களுக்கு மட்டுந்தான் கொறையுது. இந்தச் சாக்கையே இன்னொருக்கா மாட்டுங்க!"

மாட்டினேன். அதே சாக்கு, நாலு கிலோ கூடக் காட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. பெட்டரியை மிச்சம் பிடிக்க, சும்மா தொங்கும்போது தராசுக்குள் இருக்கும் சின்னக் கம்பியூட்டர் தூங்கிவிடும். சாக்கை மாட்டத் தொடங்கியதும் விழிக்கும். விழிக்கிற நொடியில் கொக்கியில் விழுந்திருக்கும் பாரத்தைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் காட்டும். சாக்கை இறக்கினால் பழையபடி சரியாகிவிடும். பக்கத்து மலைக்காரர்கள் வரிசையாக நிறுக்கும்போது அதற்குத் தூங்க நேரமில்லை. தூர மலையிலிருந்து ஒவ்வொருத்தராக ஏறி வரும் இடைவெளியில்தான் தூங்கியது. கடையில் நான் அதை ஒரு தரம்கூடத் தூங்கவிட்டுப் பார்க்கவில்லை. என்ன மண்ணாங்கட்டிச் சோதனை அது!

"சரிசரி, சத்தம் போடாம திருத்திட்டுப் போங்க" என்று கணக்கப்பிள்ளை காதில் கிசுகிசுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, "தராசுலதான் பிழை, இந்த அக்காமேல இல்ல" என்று மடுவமே கேட்கக் கத்தினேன். தூங்கும்முன் இருந்த பூச்சியத்தோடே விழிக்கும்படி புரோகிராமை அங்கேயே மாற்றினேன். அக்காவின் சாக்கு மறுபடி நிறுக்கப்பட்டது. முழுப்பேர் விழுந்தது.

"அப்ப முந்திப் போட்ட அரைப்பேருங்க?" என்றார் அவர். கணக்கப்பிள்ளை வெளியே மழையைப் பார்த்தார்.

இப்போதெல்லாம் குறை சொன்னவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் செய்கிற மாதிரியே செய்து பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் அந்த அக்காவை அரை ஆளாக்கிய அந்த இரண்டு கையெழுத்தும் என்னுடையவைதான்.