மணிக்கட்டுக் கயிறு

என் தங்கை என் குறட்டையைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அது நின்று போவதைப் பற்றித்தான் சொன்னாள்.

கொல்கத்தாவுக்கு அக்கரையில், ஹவுராவின் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால், சரக்குப் பெட்டிகளைக் கோத்துக் கழற்றும் சத்தம் ஓயாத ஒரு தெருவில் அவள் குடியிருக்கிறாள். கணவர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே போய்விட்டார். ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான். நாற்பது வருஷம் அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவளை என் சத்தம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சத்தம் சட்டென்று நின்றால் விழித்துக்கொள்வாள். ஓடுகிற வண்டி நின்றால் பயணிக்கு விழிப்பு வருமே, அது மாதிரி. எழுந்து உட்கார்ந்து, முன்னறையில் கிடக்கும் நான் அடுத்த மூச்சை இழுக்கிறேனா என்று பார்த்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து நான் தண்ணீரிலிருந்து தலை தூக்குகிறவன் போலத் திணறி இழுப்பேனாம். அதன் பிறகுதான் அவள் படுப்பாள். மறுபடியும் நிற்கும்.

இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் கிளம்பினவன் நான். விசாகப்பட்டினம், நாக்பூர், கௌஹாத்தி, நடுவில் இதே ஹவுராவில் ஏழு வருஷம் கிடங்கு மூட்டை என்று சுற்றிவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு இவள் வீட்டுக்கு வந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. தனியாகப் படுத்து எழுகிறவனுக்குத் தான் எப்படித் தூங்குகிறான் என்று தெரிய வழியில்லை. பகலில் களைப்பாக இருக்கும். வயசு, அலைந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சோற்றில் கை வைத்தபடி தூங்கியிருக்கிறேன். ஒருமுறை பவானிபூரில் ஒருவரைப் பார்க்கப் பஸ் ஏறி, தூங்கி, கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பி, திரும்பி வரும்போதும் தூங்கி, யாரையும் பார்க்காமலே வீடு வந்து சேர்ந்தேன்.

கயிறு அவள் யோசனை. பாவாடை நாடாக்கள் நாலைந்தை முடிச்சுப் போட்டு நீளமாக்கினாள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என்னிடம். மூச்சு நின்றால் படுத்தபடியே இழுப்பாள். நான் புரளுவேன், மூச்சு வரும். அவள் எழுந்து வர வேண்டியதில்லை. முதல் நாள் நான் வசதியாக இருக்கட்டும் என்று காலை நீட்டி, பெருவிரலில் கட்டு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெருவிரலில் எப்போது கட்டுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கயிற்றை என் மணிக்கட்டில் கட்டினாள்.

காலையில் என் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருக்கும். அண்ணி என்ற அர்த்தத்தில் நாங்கள் பௌதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கெல்லாம் ராக்கி வருஷத்துக்கு ஒரு நாள், மெட்ராஸ்காரங்களுக்கு வருஷம் முழுக்கவா என்று கேட்டாள். தங்கை சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தேன்.

அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை. தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டாராம். என்னைப் பற்றி அவள் சொல்லவில்லை. மகனிடம் சொன்னது பௌதியாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் குழாயடியில் இருப்பது அவனுக்குத் தெரியாது. தீபாவளி, காளி பூஜை முடிந்து லீவில் வருகிறேன், மாமாவுக்கு வேறு இடம் பார்த்துவிடலாம், உனக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன் என்றான். கெட்ட பையன் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவன் வரும்வரை காத்திருப்பானேன் என்று மறுநாளே பையை எடுத்தேன். ஒரு இடத்தை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. சட்டை இரண்டு, லுங்கி, பற்பசை. மடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"எங்க?"

"கௌஹாத்தில தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், பாப்பா. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

"அவன் கயித்த இழுப்பானா?"

அவள் பையிலிருந்து பற்பசையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வீட்டில் இருந்தது அந்த ஒரு பற்பசைதான்.

ஹவுராவில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் போனேன். ஓர் இரவு உடம்பெல்லாம் ஒயர் மாட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண். காகிதத்தைத் திருப்பிக் காட்டி, தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, இரவெல்லாம் இதுதான் நடக்கிறது என்று இந்தியில் விளக்கினாள். இதற்கு ஒரு மெஷின் உண்டு. முகமூடி வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். பெங்களூரிலிருந்து மருமகன், விஷயம் கேள்விப்பட்டதுமே வாங்கி அனுப்பிவிட்டான். ஆனால் என்னால் அதை மாட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் தூக்கத்திலேயே பிய்த்து எறிந்துவிடுவேன். முகத்தில் யாரோ கை வைத்து அழுத்துவது போல இருக்கும்.

அடுத்த முறை டாக்டர் திட்டவில்லை. முடிந்தவரை மாட்டுங்கள், தினம் கொஞ்சம் கூட்டுங்கள் என்றாள். பிறகு என் கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். சாயங்காலம் ஆனால் அங்கே வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறும், அதுவும் தொண்டையை நெருக்கும் என்றாள். பிறகு கையால் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். ஐந்தாவது தடவை என் கை தானாக நாற்காலியைப் பிடித்தது. நான் ஒரு காலத்தில் கோதுமை மூட்டையோடு லாரிப் பலகை ஏறினவன். அதை அவளிடம் சொன்னேன். அது எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று கேட்டாள். கணக்குப் போட்டேன். அவள் பிறப்பதற்கு முன்னால்.

இதயத்தைச் சோதித்துப் பார்த்து, சரி என்று ஆன பிறகு, வாரம் மூன்று நாள் பளு தூக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். கால், தொடை, நெஞ்சு, முதுகு. இது மெஷினுக்கு மாற்று இல்லை, துணை, எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தராது, மூன்று மாதம் விடாமல் செய்தால் மறுபடி சோதிப்போம் என்றாள். மூன்று மாதம் விடாமல் நான் எதைத்தான் செய்தேன்? கிடங்கில் ஏழு வருஷம் இருந்தபோதுகூட நடுநடுவே ஓடியிருக்கிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு வியாயாம சமிதி, அதாவது உடற்பயிற்சிச் சங்கம், இருக்கிறது. தகரக் கூரை, சுவரில் பஜ்ரங்பலி அனுமார் படம், மூலையில் கேரம் பலகை, துரு ஏறிய இரும்புத் தட்டுகள். காலையில் வயசானவர்களுக்கு என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சொல்லிக் கொடுப்பவர் சணல் ஆலையில் இருந்தவர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். எல்லாருக்கும் அவர் தாதா, வங்காளியில் அண்ணன். என்னை காகு, அதாவது சித்தப்பா, என்பார். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, சின்ன டம்பெல் இரண்டைக் கொடுத்தார். நான் பெரியதைப் பார்த்தேன்.

"காகு, அது அரிசி மூட்டை இல்ல, திருடிட்டு ஓடறதுக்கு. சின்னத எடுங்க. மெதுவா ஏத்தி மெதுவா இறக்குங்க."

தப்பு அங்கேதான் வந்தது. மூட்டை தூக்குகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவான். வயிற்றை இறுக்கி, மூச்சை அடக்கி, ஒரே எம்பு. அப்படித் தூக்கினால்தான் முதுகு பிடிக்காது என்று கிடங்கில் மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. ஐம்பது வருஷம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை. தாதா மூச்சை விடச் சொல்லுவார். சரி என்பேன். அடுத்த தடவை தூக்கும்போது மறுபடி அடக்கியிருப்பேன். மூன்றாவது வாரம் பளுவைக் கொஞ்சம் கூட்டினார். தூக்கி நிமிர்ந்ததும் கண் இருண்டது. பிறகு பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் தலையில் தண்ணீர்.

தாதா கோபமாக இருந்தார். இரவில் மூச்சு நிற்கிறது என்று சீட்டில் எழுதியிருக்கிறது, நீங்கள் பகலிலும் நிறுத்துகிறீர்கள், இங்கே ஏதாவது ஆனால் என் சமிதியை மூடிவிடுவார்கள், நாளை முதல் வராதீர்கள் என்றார். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. போ என்று பிறர் சொல்லிவிட்டால் நமக்கு யோசிக்கிற வேலை இல்லை. ஒரு செருப்பு பெஞ்சுக்குக் கீழே போயிருந்தது. குனிந்து எடுப்பதற்குள் அவர் மனசு மாறிவிட்டது.

"சத்தமா எண்ணுவீங்களா?"

எண்ணுவேன் என்றேன்.

"எண்ணுறவன் மூச்ச அடக்க முடியாது. சத்தம் நின்னா அன்னைக்கே வெளிய. சரியா?"

அன்றிலிருந்து எண்ணினேன். தமிழில்தான் வந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. முதலில் மற்ற கிழவர்கள் சிரித்தார்கள். நான் ஏழில் நின்றால், எட்டு, எட்டு என்று அவர்களே கத்த ஆரம்பித்தார்கள். அவர்கள் வாயில் எட்டு வேறு எதுவோ மாதிரி இருக்கும். உடம்பு வலி மட்டும் குறையவே இல்லை. மாடிப்படி பார்த்தால் தொடை பேசும். முகமூடியை இரண்டு மணி நேரம் பொறுத்தேன், பிறகு மூன்று. களைத்துப் போய்ப் படுத்ததாலா, பழகியதாலா தெரியாது.

அந்த நேரத்தில் துர்கா பூஜை வந்தது. சமிதியின் வாசலில் மூங்கில் இறக்கினார்கள். உள்ளே பந்தல் துணியும் விளக்குச் சரங்களும் மலை மாதிரி குவிந்தன. இரும்பெல்லாம் அடியில் போய்விட்டது. காளி பூஜை வரை கதவு திறக்காது என்றார் தாதா. அவருக்கும் பந்தல் வேலை இருந்தது. இங்கே யாரிடமும் இதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது. நான் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் தங்கை, கடுகு எண்ணெய் வாங்கின ஐந்து லிட்டர் டப்பாக்கள் இரண்டில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கட்டிலுக்கு முன்னால் வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. பிடி வழுக்கும் என்று பழைய துணி சுற்றியிருந்தாள்.

பூஜை முழுவதும் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. வெளியே டாக் மேளம் முழங்கும். உள்ளே நான் டப்பாவோடு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவேன். நான் எண்ணுவேன், கூடவே அவளும் எண்ணுவாள், நான் எங்காவது நிறுத்திவிடுவேன் என்று. அஷ்டமி அன்று நான் பத்து என்றபோது அவள் குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தாள். பகல் பதினொரு மணி. எவ்வளவு தூக்கத்தை நான் தின்றிருக்கிறேன் என்று அன்றுதான் பார்த்தேன்.

காளி பூஜைக்கு அடுத்த வாரம் மறுபடி ஒயர் மாட்டினார்கள். மூச்சு நிற்பது குறைந்திருக்கிறது, போகவில்லை, மெஷினை விடக் கூடாது, இரும்பையும் விடக் கூடாது என்றாள் டாக்டர். நான் பெரிதாக எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். குறைந்திருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு மருமகனிடம் என்ன சொல்வது? வீட்டில் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். இரவு வழக்கம் போலக் கயிற்றைக் கட்டினாள்.

அது சனிக்கிழமை. மறுநாள் காலை எனக்கு விழிப்பு வந்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. முகமூடி முகத்திலேயே இருந்தது. கழற்றி வைத்தேன். சமிதிக்குப் போகும் நேரம் தாண்டிவிட்டது. அவள் ஆறு மணிக்கெல்லாம் என்னை எழுப்பிவிடுவாள். எழுந்து உட்கார்ந்து வாசல் வழியாக உள்ளறையைப் பார்த்தேன்.

ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கயிற்றின் முனையை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றி, கையைக் கன்னத்தின் கீழ் வைத்திருந்தாள். நான் எழுந்தால் கயிறு இழுபடும். முடிச்சை ஒரு கையால் அவிழ்க்கலாம். ஆனால் அவள் போடுவது இறுக்கமான முடிச்சு, பல்லால் பிடித்துத்தான் அவிழ்க்க வேண்டும், அதிலும் இழுபடும். பேசாமல் உட்கார்ந்தேன். கால் மரத்தது. தண்ணீர்ச் செம்பு எட்டாத தூரத்தில் இருந்தது. யார்டில் பெட்டிகள் மோதின. பௌதி பூக்காரனிடம் பேரம் பேசினாள். ஓர் இடத்தில் இப்படி உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

எட்டு மணிக்கு மருமகன் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கூப்பிடுவான், அவள் முதல் மணியிலேயே எடுப்பாள். அவள் போன் என் தலைமாட்டில் சார்ஜில் கிடந்தது. இடது கையால் எடுத்தேன்.

"அம்மா எங்க, மாமா?"

"தூங்கறாப்பா," என்றேன், குரலைத் தாழ்த்தி.

"இன்னுமா? மணி எட்டாச்சே. உடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்கறா."

எனக்கு வேறு இடம் பார்க்க வருவதற்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்தேன்.

"எழுப்பாதீங்க மாமா," என்றான். "நான் அப்புறம் பேசறேன்."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, கயிறு கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழும்வரை அப்படியே இருந்தேன்.