பன்னிரண்டாம் நம்பர் துர்காவின் பேனர்

எங்கள் கதிர்காமத்துத் துர்காவை உகாண்டாவுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். அதுவரைக்கும் அவள் ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை. இதில் பொய் பித்தலாட்டம் எதுவும் கிடையாது. சான்றிதழ் எல்லாம் அசல்.

துர்கா, தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் புருஷோத்தமன் மகள். புருஷோத்தமன் என் சின்னம்மா மகள் வயிற்றுப் பிள்ளை, எனக்கு மகன் முறை. அவன் தங்கச்சி அஞ்சலாட்சியை அதே தெருவில்தான் கொடுத்திருக்கிறது. அஞ்சலாட்சி மகள் கவிநிலா. மாமன் மகளும் அத்தை மகளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே காலேஜ், ஒரே கபடி டீம்.

டீமுக்குப் பன்னிரண்டு பேர். ஏழு பேர் ஆடுவார்கள், ஐந்து பேர் வெளியே உட்காருவார்கள். அந்த ஐந்திலும் கடைசி நம்பர் துர்கா. கபடியில் நகை போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. அதனால் தோடு, வளையல், கொலுசு எல்லாம் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆளுக்கொரு கைக்குட்டை, ஆளுக்கொரு முடிச்சு. ஏழு வருஷத்தில் ஒரு திருகாணிகூடத் தொலைந்ததில்லை. "துர்கா இருந்தா பேங்க் லாக்கரே வேணாம்" என்பார் கோச். லாக்கரை யாராவது களத்தில் இறக்குவார்களா? கவிநிலா 'கபடி கபடி' என்று பாடிப் போவாள், நாலு பேரைத் தொட்டுவிட்டு வருவாள். துர்கா முடிச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பாள்.

ஆனால் ஆடினவளுக்கும் உட்கார்ந்தவளுக்கும் சான்றிதழ் ஒன்றுதான். கவிநிலா தன்னுடையதைப் பரணில் போட்டு மழையில் நனையவிட்டாள். துர்கா பதினோரு சான்றிதழையும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். வெளிநாட்டுக் கிராமங்களில் பெண்களுக்குக் கபடி கற்றுக்கொடுக்க, மூன்று மாதத்துக்குக் காலேஜ் மாணவர்கள் வேண்டும் என்று ஒரு சேவைச் சங்கம் விளம்பரம் கொடுத்தது. சங்கத்தார் உறைகளை எண்ணிப் பார்த்தார்கள். துர்காவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊருக்கு வெளிநாடு என்றால் பிரான்சு ஒன்றுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் தேவதாஸ் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"ஏம்ப்பா புருஷோத்தமா, ஏரோப்ளேன் பாரீசு மேலயாவது போவுதா?"

"இல்ல மாமா. உகாண்டா."

"சம்பளம்?"

"சேவை, மாமா."

"சும்மா செய்யறதுக்கு இம்மாந்தூரம் போவணுமா? இங்கயே எவ்ளோ பேரு சும்மா இருக்கான்!"

புருஷோத்தமன் விடவில்லை. பேனர் அடிக்கப் போனான். பேனர் வைக்கத் தடை இருக்கிற ஊர் எங்களுடையது. தடை போட்ட அறிவிப்புப் பலகையைப் பார்க்க வேண்டுமென்றால் நாலு பேனரை விலக்க வேண்டும். பேனர் கடை கோபிநாத், "பொண்ணு ஆடற மாதிரி ஒரு போட்டோ குடுண்ணே" என்றான். வீட்டில் இருந்த பதினோரு போட்டோவிலும் துர்கா ஓரமாக, கைக்குட்டை முடிச்சோடு நின்றாள். கோபிநாத் யோசிக்கவே இல்லை. கவிநிலா பாய்ந்து போகிற படம் ஒன்றை எடுத்தான். தலையை எடுத்துவிட்டுத் துர்கா தலையை வைத்தான்.

"ப்பா, அது நான் இல்ல" என்றாள் துர்கா.

"தல நீதானே? தலதான் முக்கியம்."

மறுநாள் அஞ்சலாட்சி மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பேனரை நிமிர்ந்து பார்த்தாள். பையோடு நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"ஏண்ணே, முட்டியில தழும்பு, கணுக்கால்ல கருப்புக் கயிறு. சைக்கிள்ல உழுந்து நாலு தையல் போட்ட கால் அது. பெத்தவளுக்குத் தெரியாதா? தல உன் பொண்ணு, ஒடம்பு எம் பொண்ணா?"

"குடும்பத்துக்குள்ளதானே அஞ்சலா இருக்குது."

பேனரோடு நின்றிருந்தால் துர்கா தப்பித்திருப்பாள். புருஷோத்தமன் அதைப் போனில் படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பினான். சங்கம் உகாண்டாவுக்கு அனுப்பியது. துர்கா போய் இறங்கிய கிராமத்தில் பள்ளிக்கூடச் சுவரில் அவள் தலையும் கவிநிலா காலும் அவளுக்கு முன்னாலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

சொல்லிக்கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. எந்த நேரத்தில் எந்தக் காலைப் பிடிக்க வேண்டும், கையோடு கை கோத்துச் சங்கிலி போட்டு எப்படி வளைக்க வேண்டும், எல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றே சொன்னாள். அந்த இடம் அவளுக்குப் பழகின இடம். ஆனால் அங்கே கேப்டனாக இருந்த நகாட்டோ என்கிற பெண் தினமும் சுவரைக் காட்டுவாள். "இதுபோல் ஒருமுறை பாடிக் காட்டு." துர்கா ஒரு நாள் முட்டி வலி என்பாள், ஒரு நாள் மண் சரியில்லை என்பாள். மூன்று மாதமும் ஓடியது. கடைசி ஞாயிற்றுக்கிழமை போட்டியில் கோச் துர்காவே முதலில் பாடுவார் என்று சங்கம் அறிவித்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் டிவி வைத்துத் தெருவுக்கே நேரலையில் காட்டப் புருஷோத்தமன் ஏற்பாடு செய்தான்.

துர்கா கவிநிலாவுக்குப் போன் போட்டாள்.

"ஏய், மானம் போவப் போவுதுடி. படத்துல இருக்கறது நீன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். கால எப்டிடி எடுத்து வைக்கறது?"

"ஏழு வருஷமா என்னத்தடி பாத்த? எங்க தோடு, கொலுசு எல்லாம் நீதான வெச்சிருந்த? ஆட்டமும் உன்கிட்டதான் இருக்கும். முடிச்சத் தேடிப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குத் தெருவே ஆட்டோ ஸ்டாண்டில். நானும் போயிருந்தேன். டிவியில் துர்கா நடுக்கோட்டில் நின்றாள். தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் எப்போதும் வாங்குகிறவள். கடைசியில் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தாள். கோட்டைத் தாண்டினாள். கையை நீட்டினாள், ஒரு காலைத் தூக்கினாள். படம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது.

"பாத்தீங்களா! ஒருத்தியாலயும் தொட முடியல!" என்று புருஷோத்தமன் கத்தினான். சரவெடி கொளுத்தினார்கள். தேவதாஸ்கூடக் கை தட்டினார்.

அங்கே நடந்தது வேறு. தூக்கின கால் தரையில் படுவதற்குள் நகாட்டோ கணுக்காலைப் பிடித்தாள். ஏழு பேரும் மேலே விழுந்தார்கள். மொத்தம் மூன்று விநாடி. துர்கா கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பார்கள் என்று நினைத்தாள். நகாட்டோ அவளைத் தூக்கி நிறுத்தி மூச்சு வாங்கக் கேட்டாள்: "சொல்லிக்கொடுத்தபடி பிடித்தோமா?"

துர்கா மண்ணைத் துப்பினாள். "இடது கை இன்னும் கொஞ்சம் கீழ வரணும். இன்னொரு தடவை."

அன்றைக்கு ஒன்பது தடவை பாடினாள். ஒன்பது தடவையும் பிடிபட்டாள். தோட்டின் ஒரு திருகாணியும் தொலைந்தது.

ஊர் திரும்பின மறுநாளே புருஷோத்தமன் 'உகாண்டாவை வென்ற வீராங்கனை' என்று அடுத்த பேனருக்கு ஏற்பாடு செய்தான். கோபிநாத் கவிநிலாவின் இன்னொரு படத்தோடு தயாராக இருந்தான். துர்கா தன் போனை நீட்டினாள். படத்தில் ஏழு பெண்கள் குவியலாகக் கிடந்தார்கள். அடியிலிருந்து ஒரே ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதான் போடணும். இல்லன்னா பேனரே வேணாம்."

"மூஞ்சியே தெரியலயேம்மா!"

"கால் தெரியுதில்ல? அது என் காலுப்பா."

புருஷோத்தமனுக்கு நம்பிக்கை இல்லை. தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான். அஞ்சலாட்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள். "இது எம் பொண்ணு கால் இல்ல."