தொல்லை என்றொரு ஃபைல்

எங்கள் கட்டடத்தில் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். நேரில் அக்கா என்போம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிற அறிவிப்பு எதுவும் அவர் கையிலிருந்து தப்பியதில்லை. 'நாளை தண்ணிர் வராது' என்று காவலாளி ஒட்டிவிட்டுப் போனால், நான் படியிறங்குவதற்குள் அந்த 'ணி' சிவப்பு மையில் 'ணீ' ஆகியிருக்கும். தண்ணீர் வராது என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருப்போம். அக்கா நெடிலுக்காகப் புலம்புவார்.

அச்சகத்துக்குப் பிழை திருத்துவதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை நான் இவரிடம்தான் பார்த்தேன். மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே கணவர் வேறொருத்தியுடன் போய்விட்டார். அவரைப் பற்றி அக்கா என்னிடம் பேசியது ஒரே முறை. "அது அச்சாகிப்போன பிழைம்மா, திருத்த முடியாது" என்றார். அத்தோடு பேச்சை மாற்றிவிட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பிள்ளைக்கு ர, ற வித்தியாசம் மட்டும் தலைகீழாக நின்றாலும் வரவில்லை. கம்ப்யூட்டரில் அவன் கெட்டிக்காரன், தமிழில் மட்டும் அம்மாவின் மானத்தை வாங்குவான். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் தினமும் காலையில் ஃபோன் செய்து அம்மா ரத்த அழுத்த மாத்திரை போட்டாரா என்று கேட்பான். "தொல்லைடா நீ" என்று அக்கா எரிந்து விழுவார். எதிர் வீட்டில் இருக்கும் எனக்கே அது கேட்கும்.

அடுத்த முறை லீவில் வந்தவன், தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை அம்மா வேலைக்கு ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு குறும்பும் செய்து வைத்துவிட்டுப் போனான். காலையில் அதைத் திறந்தால் நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும்.

'அம்மா, மாத்திறை போட்டாச்சா?'

'போட்டாச்சு' என்று தட்டினால்தான் அது விலகும். அதுவரை வேறு எதையும் தொட விடாது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அந்த 'றை'யைப் பார்த்துச் சிரித்தேன்.

"திருத்தச் சொல்லலையா அக்கா?"

"சொன்னா உடனே திருத்திடுவான். இருக்கட்டும். வீட்ல ஒரு பிழையாவது எனக்குன்னு இருக்கட்டும்."

பிறகு ஒரு நாள் அவன் வேலைக்குப் போகும் வழியில் லாரி இடித்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிப் போய், அக்கா மறுபடி வேலைக்கு உட்கார்ந்த காலையிலும் அந்தப் பெட்டி வந்தது. அம்மா, மாத்திறை போட்டாச்சா. அன்றைக்கு அக்கா கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அதுவே அவருக்குப் பிடிமானம் ஆகிவிட்டது. முதலில் மாத்திரையை விழுங்குவார், பிறகுதான் தட்டுவார். "போடாம போட்டாச்சுன்னு அடிக்க கை வரமாட்டேங்குதும்மா. அவன்கிட்ட பொய் சொன்ன மாதிரி இருக்கு" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் அச்சகத்துப் பென்டிரைவ் ஒன்று வைரஸைக் கொண்டுவந்து சேர்த்தது. கம்ப்யூட்டர் முக்கி முனகிக்கொண்டு நகர்ந்தது. தொட்ட இடத்திலெல்லாம் விளம்பரம் வந்தது. இங்கிருந்து போன பென்டிரைவ் அவர்கள் மெஷினையும் கெடுத்துவிட்டதாம். அச்சக முதலாளி, ஆன்டிவைரஸ் போட்டால்தான் இனி வேலை அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். நோயைக் கொடுத்தவனே ஊசி போட்டுக்கொள் என்று சட்டம் பேசுவதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஊசி. எந்த மெஷினைப் பார்த்தாலும் "ஒரு ஊசி போட்டுடலாம்" என்பார். நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது.

"ரொம்ப வயசான மெஷின்க்கா. புது ஆன்டிவைரஸ் போட்டா படுத்துடும். லேசான ஒண்ணு இருக்கு, அதைப் போடறேன்."

"என் பையன் வெச்சது எதுவும் போயிடாதே தம்பி?"

"ஃபோட்டோ, பாட்டு எதையும் தொடாதுக்கா. பயப்படாதீங்க."

அவருக்குப் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போவது என்றால் ஃபோட்டோவும் பாட்டும்தான். அக்காவுக்கோ அந்தப் பெட்டி ஒரு புரோகிராம் என்பதே மனதில் இல்லை. விசிறியைப் போட்டால் காற்று வருகிற மாதிரி, கம்ப்யூட்டரைப் போட்டால் அந்தக் கேள்வி வரும், அவ்வளவுதான். அன்று காலையும் அது வந்து, பதில் வாங்கிக்கொண்டு போயிருந்தது.

ஊசி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமைத்தார். பென்டிரைவ் செருகினால் முதலில் சோதிக்கவேண்டும். மொத்தச் சோதனை அக்கா மதியம் சாப்பிடுகிற நேரத்தில் நடக்கவேண்டும், வேலைக்கு இடைஞ்சல் கூடாது. கடைசியாக ஒன்றைக் கேட்டுவிட்டுச் செய்தார்.

"பிடிபட்டதை வழக்கமா ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வைக்கும்க்கா. அப்புறம் நல்லவன்னு தெரிஞ்சா திறந்து விட்டுடலாம். ஆனா இதுல இடமே இல்ல, நிரம்பி வழியுது. நேரா அழிக்கிற மாதிரி வெச்சுடட்டுமா?"

"உங்களுக்குத் தெரியாததா" என்று அக்கா டீ போட உள்ளே போனார்.

சோதனை ஓடத் தொடங்கியது. பிடிபட்டவற்றின் பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக விழ, ஊசி ஒவ்வொன்றையும் படித்து, ஒவ்வொன்றின் குலம் கோத்திரத்தையும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று சிரித்தார்.

"இங்க பாருங்கக்கா கூத்த. ஒரு வைரஸுக்குப் பேரே தொல்லை. எவனோ நம்ம ஆளு பண்ணியிருக்கான்."

உள்ளே தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தது எனக்குக் கேட்டது. மகன் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அந்தத் தொல்லைய முதல்ல ஒழிச்சுக்கட்டுங்க தம்பி" என்றார்.

அழிக்கவா என்று மெஷின் கேட்டதும் ஊசி அழுத்தினார். டீ குடித்தோம். அக்கா அன்று முழுக்க வேலை பார்த்தார், தேங்கிக்கிடந்த பக்கங்களையெல்லாம் ஏற்றித் திருத்திச் சேமித்தார். மெஷின் பறக்கிறது என்று வேறு சந்தோஷப்பட்டார்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டினார். கையில் மாத்திரை அட்டை. "வரலம்மா" என்றார். எது வரவில்லை என்று நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். திரை சுத்தமாக இருந்தது. அணைத்துப் போட்டோம், மறுபடி அணைத்துப் போட்டோம். ஊசிக்கு ஃபோன் செய்தேன்.

ஊசி வந்தார். விஷயத்தைக் கேட்டதுமே அவர் முகம் செத்துவிட்டது. ஆன்டிவைரஸ் அழித்தவற்றின் வரலாற்றைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தானா எழுந்து வருது. கீபோர்டைப் பிடிச்சு வெச்சுக்குது. பதில் சொன்னாத்தான் விடுது. இதுக்கு அது திருடனாத்தான் தெரியும்க்கா. பேரு…"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். பிழை பார்க்கும்போது படிப்பதைப் போலவே படித்தார்.

"தொல்லைன்னா வெச்சிருந்தான்?"

ஊசி தலையை ஆட்டினார்.

"நான் திட்டினதையே பேரா வெச்சிருக்கான். நானே ஒழிக்கச் சொல்லிட்டேன்."

அழித்ததை மீட்கிற புரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்து ஊசி மதியம்வரை மல்லுக்கட்டினார். பயனில்லை. நிரம்பி வழிந்த மெஷினில் அது அழிந்து காலியான இடத்தில் அக்கா திருத்திய பக்கங்கள் போய் உட்கார்ந்துவிட்டன. ஊருக்காகத் திருத்திய எழுத்துகள் மகன் எழுதியதை மூடிவிட்டன. ஊசி மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதே மாதிரி ஒண்ணு எழுதித் தரேன்க்கா. பெரிய விஷயமில்ல."

எழுதினார். அணைத்துப் போட்டதும் பெட்டி வந்தது. 'அம்மா, மாத்திரை போட்டாச்சா?' அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"சரியா இருக்கு" என்றார். "பிழையே இல்ல."

நான் ஊசியின் காதில் 'றை'யைப் பற்றிச் சொன்னேன். அவர் மாற்றக் கைவைத்ததும் அக்கா தடுத்தார்.

"வேணாம் தம்பி. நீங்க வேணும்னு போட்டா அது பிழையில்ல. அவன் தெரியாம போட்டது."

அதற்குள் ஆன்டிவைரஸ் இந்தப் புதியதையும் பிடித்துக்கொண்டு, நம்பலாமா என்று கேட்டது. இதைத் தொடாதே என்று சொல்லும் இடத்தில் பெயரோடு சேர்க்கவேண்டுமாம்.

"பேர் என்ன வைக்கட்டும்க்கா? தொல்லைன்னே வைக்கட்டுமா?"

"மாத்திரைன்னு வைங்க. தொல்லை அவன்தான்."

இரண்டு நாள் கழித்துக் காலையில், மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பும்முன் எட்டிப்பார்த்தேன். அக்கா அப்போதுதான் கம்ப்யூட்டரைத் திறந்திருந்தார். பெட்டி வந்து கேட்டது. 'போட்டாச்சு' என்று மளமளவென்று தட்டினார். அது விலகிக்கொண்டது. மாத்திரை அட்டை மேஜையில் பிரிக்காமல் கிடந்தது.

"அக்கா, மாத்திரை போடலையே?"

"இதுக்கு என்னம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவைத் தேடத் தொடங்கினார்.